சிஸ்டர்கள் போன பிறகு தனிவரம் யார் கையில்?

பிப்ரவரி 2, ஒரு வாசகரின் கேள்வி

நாங்கள் 14 பேர். ஒரு பெண்கள் துறவற சபையோடு இணைந்த, குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினர் குழு, 18 வருடமாக நடக்கிறது. மே மாதக் கடைசியில் சிஸ்டர்கள் இல்லத்தை மூடுகிறார்கள். மிச்சம் இருப்பது மூன்று பேர், மூவருக்கும் வயது 75க்கு மேல். சபையின் மாநிலத் தலைவி வந்து, "இனி எங்கள் நிறுவனரின் தனிவரத்தைச் சுமக்கப் போவது நீங்கள்தான்" என்றார். தனிவரம் என்றால் நிறுவனருக்குக் கடவுள் கொடுத்த அருள்கொடை, சபையின் வாழ்வும் பணியும் அதிலிருந்துதான் வருகின்றன. எல்லோரும் கை தட்டினோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: எதைச் சுமக்கிறோம்? சிஸ்டர்கள் இல்லாமல் இது நிஜமாகவே நடக்குமா, இல்லை மரியாதையாக விடை கொடுத்துவிட்டுப் போகிறார்களா?

பிப்ரவரி 3, காலை

நடக்காது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அதே கைதட்டலை நாங்களும் தட்டியிருக்கிறோம். எங்கள் சிஸ்டர்கள் இல்லத்தை மூடிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்று நாங்கள் 22 பேர். கடைசி நாளில் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொடுத்தார்கள், நிறுவனரின் பெரிய படம் ஒன்றைக் கொடுத்தார்கள், பதிவேடும் பழைய செபப் புத்தகங்களும் இருந்த இரும்பு அலமாரியின் சாவியை என் கையில் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் 9 பேர் ஆனோம். யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. "இந்த மாதம் வர முடியாது" என்று குறுஞ்செய்தி வரும், அடுத்த மாதமும் அதுவே வரும், அப்புறம் குறுஞ்செய்தியும் வராது.

அத்தனை வருடமும் நாங்கள் உட்கார்ந்து கேட்டவர்கள்தான். கூட்டத்தை ஒரு சிஸ்டர் கூட்டுவார், வாசகத்தை அவரே எடுப்பார், சிந்தனையை அவரே சொல்வார், நாங்கள் ஒரு பாட்டு பாடிவிட்டு வீட்டுக்குப் போவோம். அதற்குத் 'தனிவரத்தில் பங்கேற்பு' என்று பெயர் வைத்திருந்தோம். எங்களுக்கு இருந்தது அந்த நான்கைந்து சிஸ்டர்கள் மேல் பாசம், அவ்வளவுதான். நிறுவனர் எழுதிய ஒரு கடிதத்தைக்கூட முழுதாகப் படித்தவர் எங்களில் யாரும் இல்லை, என்னையும் சேர்த்து.

பிப்ரவரி 3, இரவு

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன், பழைய கோபம் கொஞ்சம் கலந்திருக்கிறது. 'நடக்காது' என்பதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

சபைகளின் தொடக்கத்தைப் பார்த்தால் பல இடங்களில் வரிசை நாம் நினைப்பதற்குத் தலைகீழாக இருக்கிறது. வின்சென்ட் தே பவுல் 1617ல் பிரான்சின் ஷத்தியோனில் பங்குத்தந்தையாக இருந்தபோது, ஒரு குடும்பம் முழுவதும் நோயில் கிடக்கிறது என்று மறையுரையில் சொன்னார், ஊர்ப் பெண்கள் கூட்டமாகக் கிளம்பிப் போய் உதவிகளைக் கொண்டு குவித்தார்கள். அவர் மகிழ்ந்தார், ஆனால் கூடவே ஒரு கவலையும் வந்தது: இன்றைக்கு இவ்வளவு வந்து பாதி வீணாகும், அடுத்த வாரம் யார் போவார்கள்? உடனே அந்தப் பெண்களை ஒரு சங்கமாகச் சேர்த்து, எந்த நாள் யார் போவது என்று முறை எழுதிக் கொடுத்தார். அவருடைய குருக்கள் சபை வந்தது 1625ல்தான். பிறரன்புப் புதல்வியர் 1633ல். முதலில் வந்தது குடும்பப் பெண்கள்.

பிரெஞ்சுக் குரு ஷமினாத் அடிகளும் அப்படித்தான். பிரெஞ்சுப் புரட்சியில் துறவு இல்லங்கள் கலைந்து, அவரும் நாடு கடத்தப்பட்டு, 1800ல் போர்தோவுக்குத் திரும்பியதும் தொடங்கியது மரியன்னை சபை என்ற இளைஞர் பொதுநிலையினர் குழு. அந்த வட்டத்திலிருந்து 1816ல் பெண்களுக்கும் 1817ல் ஆண்களுக்கும் துறவற சபைகள் பிறந்தன.

ஆக, தனிவரம் துறவிகளின் பரம்பரைச் சொத்து, நமக்கு அதில் கொஞ்சம் கிள்ளிக் கொடுக்கிறார்கள் என்பது சரியான படம் இல்லை. ஆனால் ஷத்தியோன் பெண்கள் கையில் ஒரு முறை இருந்தது. எங்கள் கையில் மெழுகுவர்த்தி இருந்தது.

பிப்ரவரி 6

ஒருவர் உடனே எழுதிவிட்டார்: "அப்படியென்றால் பொதுநிலையினர்தான் உரிமையாளர்கள், சிஸ்டர்கள் தேவையே இல்லை." அய்யா, நான் அப்படிச் சொல்லவில்லை.

இதில் வகைகளைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தகராறு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 303ஆம் எண்ணில் மூன்றாம் சபைகளைப் பற்றிப் பேசுகிறது: உலக வாழ்க்கையில் இருந்தபடியே ஒரு துறவற சபையின் உணர்வில் பங்கேற்று, திருத்தூதுப் பணி வாழ்வு வாழ்ந்து, கிறிஸ்தவ நிறைவை நாடுகிறவர்கள், அந்தச் சபையின் உயர் வழிநடத்துதலின் கீழ். அந்தக் கடைசிச் சொற்களைக் கவனியுங்கள், தொப்புள்கொடியை முழுவதும் அறுத்துவிடச் சட்டமே சொல்லவில்லை.

ஆனால் அந்தக் கொடி எவ்வளவு நீளம் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையை எடுத்துக்கொள்ளுங்கள். 1221லேயே அவர்களுக்கு எழுத்தில் ஒரு வாழ்க்கை ஒழுங்கு இருந்தது, 1289ல் திருத்தந்தை நான்காம் நிக்கோலாஸ் ஒழுங்கை உறுதி செய்தார், இப்போது இருப்பது 1978ல் ஆறாம் பவுல் தந்தது. இன்றைக்கு அவர்களை ஆள்வது அவர்களே: உறுப்பினர் வாக்களித்துத் தேர்ந்த, பணியாளர் என்று பெயர் கொண்ட தலைவரும் மன்றமும், மூன்று வருடத்துக்கு ஒரு தேர்தல். துறவிகளின் பங்கு ஆன்மிகத் துணையும் சந்திப்பும். உள்ளூரில் ஒரு சகோதரத்துவக் குழு செல்லுபடியாக நிறுவப்பட வாழ்நாள் வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் ஐந்து பேராவது வேண்டும். பக்கத்து மடம் மூடினால் அவர்களுக்கு வருத்தம் இருக்கும், ஆனால் யார் அடுத்த கூட்டத்தைக் கூட்டுவது என்ற குழப்பம் இருக்காது.

மறுகோடியில் பெனடிக்ட் சபையின் ஒப்லேட்டுகள், அதாவது வெளியே வாழ்ந்தபடி மடத்தோடு இணைந்தவர்கள். அவர்கள் தங்களை ஒப்புக்கொடுப்பது ஒரு குறிப்பிட்ட மடத்துக்கு, அதன் பெயர் சொல்லி. அந்த மடமே மூடிவிட்டால் வேறு மடத்தோடு தங்களை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒரு மடம் வேண்டும்.

கேள்வி கேட்டவரின் குழுவும் எங்களுடையதும் இந்த இரண்டுக்கும் நடுவில், பெரும்பாலும் எழுதப்படாத இடத்தில் நிற்கிறது. 'இணைந்தவர்கள்', 'நண்பர்கள்', 'குடும்பத்தினர்' என்று ஒவ்வொரு சபையும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். அதனால் உங்களுக்கு என் முதல் கேள்வி: உங்களிடம் ஒழுங்குப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா? ஒரு பக்கமாவது?

பிப்ரவரி 7

இல்லையாம். "செபக் கையேடு இருக்கிறது, பின்னட்டையில் மாநிலத் தலைவியின் தொலைபேசி எண் இருக்கிறது" என்று பதில் வந்திருக்கிறது. சரி, அதுவும் ஒரு ஆவணம்தான்.

பிப்ரவரி 9

துணைக்கதை. எங்கள் குழுவில் ஒருவர் சிஸ்டர்கள் போன பிறகு சிஸ்டர் ஆகிவிட்டார். சாம்பல் நிறத்தைத் தவிர வேறு உடுத்துவதில்லை, நெஞ்சில் சபைச் சின்னம், யாராவது கூட்டத்துக்கு வரவில்லை என்றால் "அனுமதி வாங்கினீர்களா?" என்று கேட்பார். அவருக்குக் கணவரும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள், நான்கு பேருக்குமே அந்த நிறம் பிடிக்கவில்லை. அவரைக் கிண்டல் செய்ய எனக்குத் தகுதி இல்லை. மடத்தில் மட்டும்தான் அந்தத் தனிவரத்தைக் கண்ணால் பார்த்திருந்தார், அதனால் மடத்தின் சாயல்தான் அது என்று எடுத்துக்கொண்டார். வீட்டில், வேலையிடத்தில் அது எப்படி இருக்கும் என்று யாரும் அவருக்குக் காட்டவில்லை.

1221 ஒழுங்கிலும் உடையைப் பற்றி விதி உண்டு, துணியின் விலைக்கு உச்சவரம்பு வரைக்கும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அதோடு இன்னொன்றும் இருந்தது: ஆயுதம் ஏந்தக் கூடாது, கண்டபடி சத்தியப்பிரமாணம் செய்யக் கூடாது. பிரபுவுக்காகப் படை சேர்வதும் உறுதிமொழி எடுப்பதும் அன்றாடக் கடமையாக இருந்த நகரங்களில் இதனால் ஆட்சியாளர்களோடு உரசல் வந்தது. உலகத்துக்குள் இருந்துகொண்டே வேறு மாதிரி இருப்பது அந்த இடத்தில்தான் தெரிந்தது. எங்கள் சாம்பல் நிறத்தைப் பார்த்து எந்த ஆட்சியாளரும் கவலைப்படவில்லை.

பிப்ரவரி 15

நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

9 பேராக ஆன பிறகு நான்தான் குழுவை நடத்தினேன். வேறு யாரும் முன்வரவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கே அது உண்மையாகத்தான் பட்டது. ஏழு வருடம். வாசகத்தை நான் எடுத்தேன், சிந்தனையை நான் சொன்னேன், சாவி என்னிடம் இருந்தது. நாற்காலிகளை மட்டும் மற்றவர்கள் அடுக்கினார்கள். ஒரு மாதம் என் அம்மா நோயில் படுத்துவிட்டதால் நான் போக முடியவில்லை, கூட்டம் நடக்கவில்லை. அடுத்த மாதமும் நடக்கவில்லை. "நீங்கள் இல்லாமல் எப்படி?" என்று அன்பாகத்தான் கேட்டார்கள். எனக்கு அதைக் கேட்டதும் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நாள் கழித்துத்தான் வயிற்றைப் பிசைந்தது. சிஸ்டர் இருந்த இடத்தில் நான் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். குழு அதே குழு. இந்த ஏழு வருடத்தில் நான் ஒரே ஒருவரைக்கூட இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலைக்குக் கொண்டுவரவில்லை.

மூன்றாம் மாதம் போனபோது சாவியை மேசைமேல் வைத்தேன். அடுத்த கூட்டத்தை நான் நடத்த மாட்டேன், வருவேன், பேசாமல் உட்கார்ந்திருப்பேன் என்றேன். சங்கடமான மௌனம். கடைசியில், கூட்டத்தில் வாயே திறக்காத ஒருவர், வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தவர், "நான் பேச மாட்டேன், வேண்டுமானால் வாசிக்கிறேன்" என்றார். நிறுவனரின் கடிதங்களில் ஒன்றை எடுத்து முழுவதும் வாசித்தார், தட்டுத்தடுமாறி, நாற்பது நிமிடம். பாதிக்கு மேல் கடன், கூரை ஒழுகல், யார் யாரோடு பேசுவதில்லை என்கிற விவரம். படத்தில் இருந்த அந்த அமைதியான முகம் அன்றைக்குத்தான் எங்களுக்கு மனிதராகத் தெரிந்தது. கடனுக்கு நடுவில் நாலே வரி, எப்படி அவர் அன்று காலை செபிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார் என்று. அந்த நாலு வரியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். 18 வருடத்தில் என் சிந்தனைகளைக் கேட்டு ஒருவரும் அப்படிப் பேசியதில்லை.

அதிலிருந்து வருடத்துக்கு ஒருவர் பொறுப்பு. புதிதாகச் சேர்கிறவர் ஒரு வருடம் பழைய உறுப்பினர் ஒருவரோடு சோடியாக நடக்க வேண்டும், அடுத்த வருடம் அவரே இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் கிடையாது, துறவற சபைகளில் புதியவர்களைப் பயிற்றுவிக்கும் நவதுறவகத்துக்கு அவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது இதற்காகத்தான். நாங்கள் அவர்களுடைய பாட்டையும் சின்னத்தையும் எடுத்துக்கொண்டு, ஆளை உருவாக்கும் வேலையை மட்டும் மடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

பிப்ரவரி 16

நேற்று '18 வருடத்தில்' என்று எழுதியிருக்கிறேன், அது கேள்வி கேட்டவரின் குழு. நாங்கள் சிஸ்டர்கள் இருந்தபோது 11 வருடம், போன பிறகு நான் நடத்தியது ஏழு, கூட்டினால் 18 வருகிறது, தற்செயல். ஆனால் அந்த 11 வருடத்தில் நான் சிந்தனை எதுவும் சொல்லவில்லை என்பதால் அந்த வாக்கியம் எப்படியும் தப்பு. 'ஏழு வருடத்தில்' என்று படித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 22 பேர் 9 ஆனதை முதல் குறிப்பில் தோல்விக் கணக்காக எழுதியிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. ஒரு வரலாறு என்னைக் குழப்புகிறது, நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

பிப்ரவரி 24

அந்த வரலாறு. 1563ல் உரோமைக் கல்லூரியில் ஜான் லூனிஸ் என்ற இளம் இயேசு சபைத் துறவி மாணவர்களைச் சேர்த்து மரியன்னை சபை ஒன்றைத் தொடங்கினார். அது இயேசு சபையின் கல்லூரிகள் வழியாக எங்கும் பரவியது. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள்தான் அதன் ஊற்று. அப்புறம் 1773. திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் இயேசு சபையையே கலைத்தார். ஓர் இல்லம் மூடுவதற்கே நாம் இவ்வளவு புலம்புகிறோம், இங்கே மூடியது மொத்தச் சபை. ஆனால் மரியன்னை சபைகள் மூடப்படவில்லை, ஆயர்களின் பொறுப்பில் தொடர்ந்தன. 1814ல் இயேசு சபை மீண்டும் உயிர் பெற்றபோதும் அவை இருந்தன.

பொதுநிலையினரால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று இங்கே எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மீதிக் கதை அப்படி இல்லை. சபைகள் பெருகின, ஆட்களும் பெருகினார்கள், ஆன்மிகப் பயிற்சிகளோடு இருந்த பிடி மட்டும் தளர்ந்துகொண்டே போனது. பல இடங்களில் நல்ல பக்தி சபையாக இருந்தது, அதில் இஞ்ஞாசியார் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. 1948ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவற்றை மறுபடி ஆளை உருவாக்கும் பாதைக்கு இழுக்கப் பார்த்தார், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1967ல் பெயரையே மாற்றி, கிறிஸ்தவ வாழ்க்கைச் சமூகம் என்று, சி.எல்.சி. என்று சொல்வோமே அதுதான், ஆன்மிகப் பயிற்சிகளை மறுபடி நடுவில் வைத்தார்கள். சிறு குழு, தேர்ந்து தெளிதல், ஒருவரை அனுப்புதல், துணை நிற்றல், திரும்ப உட்கார்ந்து மதிப்பிடுதல். எண்ணிக்கை பழைய காலத்தோடு ஒப்பிட்டால் சிறியது.

கூட்டம் பெருகும்போதே உள்ளே இருந்தது கரையலாம் என்றால், கூட்டம் குறையும்போது அது கெட்டிப்படவும் கூடும் அல்லவா? எங்கள் 9 பேர் அப்படிக் கெட்டிப்பட்டோம் என்று சொல்லவில்லை. 22ஐ நினைத்து ஏங்குவதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 25

ஒருவர் நறுக்கென்று கேட்டிருக்கிறார்: "குறைந்தால் கெட்டிப்படும் என்பது குறைந்தவர்கள் சொல்லும் ஆறுதல்." இருக்கலாம். பதில் இல்லை.

மார்ச் 17

இன்றைய தேதியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1865 மார்ச் 17, நாகசாக்கி. ஒரு மாதம் முன்பு அர்ப்பணிக்கப்பட்ட ஓவுரா ஆலயத்தில் பிரெஞ்சு மறைப்பணியாளர் பெத்திஜான் அடிகள் செபித்துக்கொண்டிருக்கிறார். உரக்கமி கிராமத்திலிருந்து ஒரு சிறு கூட்டம் வருகிறது. ஒரு பெண் அவர் அருகில் வந்து, எங்கள் இதயமும் உங்கள் இதயமும் ஒன்றுதான் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, மரியன்னையின் சுரூபம் எங்கே என்று கேட்கிறார். 1614ல் கிறிஸ்தவத்துக்குத் தடை, 1644ல் நாட்டில் மிஞ்சியிருந்த கடைசிக் குருவின் மரணம். அதற்குப் பிறகு இருநூறு வருடத்துக்கு மேல் குருவும் இல்லை, துறவியும் இல்லை, திருப்பலியும் இல்லை.

எப்படி முடிந்தது என்றால், துறத்தப்படுவதற்கு முன்பே இயேசு சபையினரும் பிரான்சிஸ்கன், தோமினிக்கன் துறவிகளும் மக்களைப் பக்த சபைகளாகச் சேர்த்திருந்தார்கள். அந்தச் சட்டகம்தான் தலைமறைவு காலத்தில் தாங்கியது. உரக்கமியில் பொறுப்புகள் பிரிந்திருந்தன: சோகாத்தா நாட்காட்டியையும் செபங்களையும் காப்பவர், மிசுகாத்தா திருமுழுக்குக் கொடுப்பவர், கிகியாக்கு என்பவர் எந்த நாள் நோன்பு, எந்த நாள் விழா என்று வீடு வீடாகச் சொல்லிவருபவர். மூன்றாவது ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் தலைவர் இல்லை, போதகர் இல்லை, செய்தி சொல்பவர். எங்கள் 22 பேரில் குறுஞ்செய்தி நின்றுபோன ஒருவர் வீட்டுக்காவது அப்படி யாராவது போயிருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

மார்ச் 19

மேலே 'துறத்தப்படுவதற்கு' என்று எழுதியிருக்கிறேன், துரத்தப்படுவதற்கு. துறவிகளைப் பற்றியே எழுதி எழுதி விரல் அப்படிப் போகிறது.

அதைவிடப் பெரிய திருத்தம் ஒருவர் சொன்னது: நாகசாக்கி மக்கள் காத்தது கிறிஸ்தவ நம்பிக்கையை, இயேசு சபையின் தனிவரத்தை அல்ல, இரண்டையும் ஒரே கூடையில் போடாதே என்கிறார். சரி, ஒப்புக்கொள்கிறேன். வேறொன்றையும் நானே சேர்க்கிறேன், 17ஆம் தேதி உற்சாகத்தில் விட்டுவிட்டேன். எல்லோரும் திருச்சபைக்குத் திரும்பி வரவில்லை. ஒரு பகுதியினர் மூதாதையர் ஒப்படைத்த வடிவத்திலேயே நிற்கிறோம் என்று தனியாகவே இருந்துவிட்டார்கள். வாய்வழி வந்த செபங்களில் பல சொற்களுக்குப் பொருள் மங்கிப்போயிருந்தது. எங்கள் பழைய செபக் கையேட்டை வரிக்கு வரி ஒப்பித்துக்கொண்டிருந்த காலத்தை நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அவர்கள் உயிரைப் பணயம் வைத்து ஒப்பித்தார்கள், நாங்கள் பழக்கத்துக்கு ஒப்பித்தோம்.

ஆனாலும் அந்த ஆள் ஏற்பாடு, யார் காப்பது, யார் கொடுப்பது, யார் போய்ச் சொல்வது, அது தனிவரத்துக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

மார்ச் 28

ஆவணம் கேட்டவர்களுக்கு. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் 'அர்ப்பண வாழ்வு' மடல், 1994. அதில் 54ஆம் எண்ணிலிருந்து மூன்று எண்கள் நேரே இதைப் பற்றித்தான்: தங்கள் தனிவரத்தைப் பொதுநிலையினரோடு பகிர முடியும் என்று பல சபைகள் உணர்ந்திருக்கின்றன, இது நம்பிக்கை நிறைந்த புதிய அத்தியாயம் என்ற பொருளில் பேசுகிறது. 2014ல் திருத்தந்தை பிரான்சிஸ் அர்ப்பண வாழ்வு ஆண்டுக்காக எழுதிய மடலிலும் பொதுநிலையினருக்கு என்று தனியாக ஒரு பத்தி உண்டு, ஒரே தனிவரத்தைச் சுற்றித் துறவிகளும் பொதுநிலையினரும் ஒரு பெரிய குடும்பம் என்கிறார்.

மார்ச் 28, மறுபடி

1994 ஆயர் மாமன்றம் நடந்த வருடம். மடல் வந்தது 1996 மார்ச். மன்னிக்கவும்.

ஏப்ரல் 11

கட்டடத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: "நாங்கள் 18 வருடம் கூடிய அறையை மட்டுமாவது விட்டுவிட்டுப் போகச் சொல்லலாமா?" கேட்டுப் பாருங்கள், ஆனால் அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம். சொத்து சபையின் பேரில் இருக்கிறது, விற்கும் பணத்தில் வயதான சிஸ்டர்களின் மருத்துவம் நடக்கும். நாங்கள் அறைக்காக எட்டு மாதம் மனு போட்டோம். அந்த எட்டு மாதமும் வேறு எதையும் பேசவில்லை. கடைசியில் அறையும் கிடைக்கவில்லை, பேச்சுவார்த்தைக்குப் போன இருவர் ஒருவரோடொருவர் பேசுவதையும் நிறுத்திவிட்டார்கள், அவர்களைச் சேர்த்து வைக்க இன்னொரு எட்டு மாதம். இப்போது முறை வைத்து வீடுகளில் கூடுகிறோம். அலமாரி என் வீட்டுக் கூடத்தில் நின்றது, வருகிறவர்கள் எல்லாம் "இது எதற்கு?" என்று கேட்பார்கள், அதற்கே ஒரு மணி நேரம் பதில் சொல்ல வேண்டும். இருவர் அப்படிக் கேட்டுத்தான் குழுவில் சேர்ந்தார்கள்.

அறையைவிட அவசரமானது எழுத்து. சிஸ்டர்கள் இருக்கும்போதே இரண்டு பக்கம் எழுதி வாங்குங்கள்: சபையில் உங்களுக்குத் தொடர்பு யார், வருடத்தில் எத்தனை முறை வருவார், நிறுவனரின் எழுத்துகளின் பிரதி எங்கே கிடைக்கும், சபையின் பெயரை நீங்கள் எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம். கத்தோலிக்க என்ற சொல்லையே உரிய அதிகாரியின் இசைவு இல்லாமல் ஒரு சங்கம் தன் பெயரில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் 300 சொல்கிறது. மறைமாவட்டத்தில் உங்கள் நிலை என்ன என்பதையும் ஆயரிடம் பேசி வைத்துவிடுங்கள், அப்புறம் பங்கில் புதிதாக வரும் தந்தை "நீங்கள் யார்?" என்று கேட்டால் காட்ட ஒரு தாள் இருக்கும். எங்களைக் கேட்டார்.

ஏப்ரல் 20

"பணி என்ன ஆவது? சிஸ்டர்கள் நடத்திய பள்ளியை நாங்களா நடத்த முடியும்?"

பள்ளி நடத்துவது தனிவரம் எடுத்த ஒரு வடிவம். உங்களால் முடியாது, முடிய வேண்டிய தேவையும் இல்லை. பியர் ஜார்ஜோ பிரசாத்தியை நினைத்துப் பாருங்கள். 1922ல் தோமினிக்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தவர், தோமினிக்கன் நிறுவனம் எதையும் நடத்தியதில்லை. பொறியியல் படித்தார், மலை ஏறினார், இத்தாலியின் தூரின் நகரத்து ஏழைகளின் வீடுகளுக்கு யாருக்கும் சொல்லாமல் போய்வந்தார். 1925 ஜூலையில், 24 வயதில், போலியோவில் இறந்தார். அடக்கத்துக்குத் திரண்ட ஏழைகளைப் பார்த்துத்தான் சொந்தக் குடும்பத்துக்கே விஷயம் புரிந்தது. 2025 செப்டம்பர் 7ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

புனிதரை எடுத்துக்காட்டாகச் சொன்னால் எல்லோருக்கும் மலைப்பு வரும், தெரியும். எங்கள் குழுவில் அந்தக் கணக்குக்காரர் செய்வதைச் சொல்கிறேன். எங்கள் நிறுவனர் கடனில் மூழ்கியவர்களைத் தேடிப் போனவர். இவர் மாதம் இரண்டு மாலை, கடன் வலையில் சிக்கிய குடும்பங்களோடு உட்கார்ந்து, வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு, எதை முதலில் கட்டுவது என்று காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறார். சிஸ்டர்கள் யாருக்கும் இந்த வேலை தெரியாது. கூட்டத்தில் இன்னும் பேச மாட்டேன் என்கிறார்.

ஜூன் 6

கேள்வி கேட்டவரிடமிருந்து சேதி. இல்லம் மூடிவிட்டது. 14 பேரில் 11 பேர் இருக்கிறார்கள். கடைசி நாளில் மெழுகுவர்த்தி கொடுத்தார்களாம், படமும் கொடுத்தார்களாம், ஆனால் இரண்டு பக்கத் தாளும் கையெழுத்தோடு வந்துவிட்டது. மூத்த சிஸ்டர், 81 வயது, போகும் முன் மூன்று மாலை அவர்களோடு உட்கார்ந்து தன் நவதுறவக நாட்களில் என்ன படித்தார், எதில் தவறினார் என்று சொல்ல, ஒருவர் அதைப் பதிவு செய்திருக்கிறார். அதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் சிஸ்டர்களில் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான், போன வாரம் போய்ப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரியவில்லை. நிறுவனரின் கடிதத்திலிருந்து அந்த நாலு வரியைச் சொன்னேன், ஐந்தாவது வரியை அவர் சொன்னார்.

தேர்தல் வைத்தார்களாம், பொறுப்புக்கு வந்தவர் கூட்டத்துக்கு வந்து இரண்டே வருடம் ஆனவர். பழையவர்கள் இருவருக்கு வருத்தம். எதிர்பார்த்ததுதான், அந்த இருவர் வீட்டுக்கும் யாராவது போய்வாருங்கள், குறுஞ்செய்தி போதாது.

சாவி என்ன ஆனது என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவரிடம் இருக்கிறது. ஈஸ்டர் வாரத்தில் தொலைத்துவிட்டார், பூட்டை உடைத்துத்தான் பதிவேட்டை எடுத்தோம். புதுப் பூட்டுக்கு இரண்டு சாவி வந்தது, இரண்டையும் அவரிடமே கொடுத்திருக்கிறோம்.